மாமாவின் கம்ப்யூட்டர் திறக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் அடித்தால் அது மாமாதான். அந்த நேரத்தில் என்னைத் தேட வேறு நாதி கிடையாது.

"அம்மாடி, மறுபடியும் அதே கதைதான். பாஸ்வேர்டைச் சரியாத்தான் போடறேன். திரை ஒரு நொடி கறுத்துட்டு, திரும்பவும் பாஸ்வேர்டு கேக்குது."

மாமா என்றால் மாமனார். முன்னாள் மாமனார் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அப்படி ஒரு முறைப்பெயரை யாரும் வாய்க்கு இதமாகச் செய்து வைக்கவில்லை. அவர் பிள்ளையும் நானும் பிரிந்து இரண்டு வருடமாகிறது. கடைசிச் சண்டைகூட உப்புச்சப்பில்லாமல்தான் முடிந்தது. கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றையும் பங்கு பிரித்தோம். மாமாவின் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் நான் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்ததை மட்டும் யார் பங்கிலும் சேர்க்க மறந்துவிட்டோம். அதனால் அது கெடும்போதெல்லாம் அவர் என்னைக் கூப்பிடுகிறார். எனக்கு எரிச்சலாக வரும். அதாவது, எரிச்சல் என்றுதான் சொல்லிக்கொள்வேன்.

ஒரு கிடங்கு நிறுவனத்தின் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரே அறை, ஒரே நாற்காலி. இன்னொன்று வாங்கினால் அதில் துணிதான் உட்காரும் என்று வாங்கவில்லை. சில நாள் சாயங்காலம் கடைக்குப் போய் வாயைத் திறக்கும்போதுதான், காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை என்பதே தெரியும். குரல் கரகரவென்று வரும்.

"கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூணு. சேத்து அழுத்துங்க மாமா."

"கறுப்புத் திரை வந்துடுச்சும்மா. பேரு கேக்குது."

"பேரும் பாஸ்வேர்டும் போடுங்க. பாஸ்வேர்டு அடிக்கறது கண்ணுக்குத் தெரியாது, பதறாதீங்க. அப்புறம் எல் எஸ், இடைவெளி, சின்னக் கோடு, எல் ஏ. என்ன வருதுன்னு படிங்க."

மாமா அச்சகத்தில் பிழை திருத்தியவர். புள்ளி, கோடு எதையும் விடாமல் படிப்பார். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பெயருக்கும் நடுவில் இடைவெளி கூடிப்போனது என்று மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பியவர். பத்திரிகையில் சரிசெய்துவிட்டார்.

"புள்ளி, பெரிய எக்ஸ், ஆதாரிட்டி. உரிமையாளர் இருக்கிற இடத்துல என் பேரு இல்லம்மா. ரூட்னு இருக்கு."

அதே கோப்புதான். மாமா உள்ளே வரும்போது அவருக்குத் திரையைத் திறந்துவிட வேண்டிய கோப்பு, ரூட் என்கிற பெரிய அதிகாரியின் பெயருக்கு மாறிப்போயிருக்கிறது. சொந்த வீட்டுச் சாவி அடுத்தவர் கையில் இருந்தால் எப்படி நுழைவது? பாஸ்வேர்டு சரியாக இருந்தும் புண்ணியமில்லை.

"சூடோ போட்டு எதையாவது திறந்தீங்களா? அதிகாரி தொப்பியை மாட்டிக்கிட்டு வீட்டு வேலை பாக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"கை தவறிடுச்சும்மா."

ஓர் இடைவெளி கூடினால் பொறுக்காத மனிதருக்கு, மாதாமாதம் ஒரே இடத்தில் கை தவறுகிறது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சீக்கிரம் சொல்லும்மா. அவன் இன்னைக்கு வர்றான். வர்றப்ப இது திறக்கலைன்னா, தூக்கிப் போட்டுட்டு புதுசு வெச்சுடுவானாம்."

அந்தப் பெட்டி போனால் இந்த போனும் போகும். எரிச்சல் என்று நான் சொல்லிக்கொண்டது எரிச்சலே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"இருங்க மாமா, பால் பொங்குது. இதோ வந்துடறேன்."

அடுப்பை அணைத்து, வழிந்ததைத் துடைத்துவிட்டு வந்தபோது, மேஜைமேல் வைத்திருந்த போனில் மாமா வீட்டு இரும்புக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கூடவே விசைகள் சடசடவென்று தட்டப்படும் சத்தம். அப்புறம், திரை திறந்தால் ஒலிக்கட்டும் என்று நான் அவருக்கு வைத்துக் கொடுத்திருந்த சின்ன இசை.

"மாமா? நான் இன்னும் சொல்லவே இல்லையே."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சூடோ, சி எச் ஓ டபிள்யூ என், என் பேரு, கோப்பு பேரு. எப்பவோ மனப்பாடம் ஆயிடுச்சும்மா."

"அப்போ கெடுக்கறது?"

"அதுவும் இதே கட்டளைதான். என் பேருக்குப் பதிலா ரூட்னு போடணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன மாமா விளையாட்டு இது? சும்மா கூப்பிட்டா நான் எடுக்க மாட்டேனா?"

"நீ மருமகளா இருந்தவரைக்கும் காரணம் வேண்டியிருக்கலம்மா. இப்ப என்னன்னு சொல்லிக் கூப்பிடறது?"

அதற்குள் அவர் பிள்ளையின் குரல் கேட்டது. "யாருப்பா போன்ல?"

"யாரும் இல்லப்பா. கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு."

"திறந்துடுச்சா? பரவால்ல, அதை ஓரம் கட்டுங்க. புதுசு வாங்கிட்டு வந்துட்டேன், இது கெடவே கெடாது."

லைன் அறுந்தது.

அவன் சொன்ன சொல் முதல்முறையாகப் பலித்தது. அது கெடவே இல்லை. அடுத்த ஞாயிறு போன் அடிக்கவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. யாரும் இல்லப்பா என்று அவர் சொன்னது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. வேறு என்ன சொல்லியிருக்க முடியும் அவர்? நானே கூப்பிடலாம்தான். போனை எடுப்பேன், என்னவென்று தொடங்குவது எனத் தெரியாமல் வைத்துவிடுவேன். சும்மா கூப்பிட்டால் எடுக்க மாட்டேனா என்று அவரிடம் எகிறியவளுக்கு, சும்மா கூப்பிட வாய் வரவில்லை.

இன்னொரு ஞாயிறு மதியம். என் கம்ப்யூட்டர் எந்தக் குறையும் இல்லாமல் எதிரில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே எண்ணை அழுத்தினேன்.

"மாமா, என் கம்ப்யூட்டர் திறக்க மாட்டேங்குது."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது. மூக்குக்கண்ணாடிப் பெட்டி டப்பென்று திறந்தது.

"பாஸ்வேர்டு சரியாப் போட்டியா?"

"போட்டேன் மாமா."

"திரும்பவும் கேக்குதா?"

"ஆமா."

"பதறாதம்மா. கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூணு. மூணையும் சேத்து அழுத்து."

அழுத்தினேன். நன்றாக இருந்த திரை கறுத்துப்போய், என் பெயரைக் கேட்டது.

"அழுத்திட்டேன் மாமா. அப்புறம்?"

"இரு, என்ன அவசரம்?" என்றார். "முதல்ல சாப்பிட்டியா, அதைச் சொல்லு."