பிறகு எழுதிய எண்

லூக்காசுக்கு ஒன்பது நாளாக லீவு. லீவு என்பது மரியாதைக்குச் சொல்கிற பேச்சு. விசாரணை முடியும்வரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். வத்தேகமவில் அக்கா டொரதியின் வீட்டுக்கு வந்து, கதிரையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தவன்தான். டொரதி படிப்பித்துவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போதும் அங்கேயேதான் இருப்பான். காலையில் அவள் வைத்துவிட்டுப் போன பால்தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடக்கும்.

வெளியே மூடுபனி மலையை விழுங்கியிருந்தது. அந்த வெள்ளைக்குள் இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று நோக்கி வந்துகொண்டிருந்தன. சத்தமில்லை, அவசரமும் இல்லை. ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம். உள்ளே யாரோ போர்வையை இழுத்துக்கொள்கிறார்கள், யாரோ பிள்ளைக்குப் பால் கரைக்கிறார்கள். முட்டப்போகிற நேரம் பனி விலகும். தேயிலையும் ரோட்டில் திரும்புகிற பஸ்ஸும் தெரியும். கொஞ்ச நேரத்தில் பனி மறுபடி மூடும், அவை மறுபடி வரும். லூக்காஸ் தூங்கவுமில்லை, விழித்திருக்கவுமில்லை.

நடந்தது இவ்வளவுதான். வானத்தில் போகிற விமானங்களுக்கு வழி சொல்வது அவன் வேலை. ஒவ்வொரு விமானத்துக்கும் மேசையில் ஒரு காகிதப் பட்டி இருக்கும். முன்னால் எத்தனை திரை இருந்தாலும், உயரத்தை மாற்றச் சொன்னால் அந்த எண்ணைப் பேனாவால் பட்டியில் எழுதவேண்டும் என்பது அந்த அறையின் வழக்கம். அன்றைக்கு வேலை முடிகிற நேரத்தில், குவைத்திலிருந்து முப்பத்தேழாயிரம் அடியில் வந்த விமானத்தை முப்பத்தைந்தாயிரத்துக்கு இறங்கச் சொன்னான். எழுத மறந்தான். ஆள் எழும்புவதற்கு முன்னாலேயே மனசு எழும்பிப் போய்விட்டிருந்தது. அடுத்து அந்தக் கதிரையில் உட்கார்ந்த ரிஸ்கான் பட்டியைப் பார்த்தான். முப்பத்தேழு என்றிருந்தது. எதிர்த்திசையில் வந்த இன்னொரு விமானத்தை நம்பிக்கையோடு முப்பத்தைந்துக்கு ஏறச் சொன்னான். கடைசி நேரத்தில் விமானங்களுக்குள்ளேயே எச்சரிக்கைக் கருவிகள் அலற, ஒன்று மேலே போக, ஒன்று கீழே போக, நானூறு அடி இடைவெளியில் கடந்தன. ஐந்நூறு சொச்சம் உயிர்கள் தப்பின.

அதுவரைக்கும் மறதி. மறதியை யாரும் மன்னிப்பார்கள். அறை முழுக்கக் கூச்சலாக இருந்தபோது லூக்காஸ் வாசலிலிருந்து திரும்பி ஓடி வந்தான். பட்டியை எடுத்தான். முப்பத்தைந்து என்று எழுதி, இருந்த இடத்திலேயே வைத்தான். ஒருவரும் பார்க்கவில்லை. கை தானாக எழுதிவிட்டது என்று ஒன்பது நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். எந்தக் கை ஐயா தானாக எழுதும்?

இப்போது ஒலிப்பதிவில் அவன் குரல் இருந்தது, பட்டியில் அவன் எழுத்து இருந்தது. எழுதியிருந்ததைப் பார்க்காமல் விட்டான் என்று பழி முழுக்க ரிஸ்கான் தலையில் விழுந்தது. நாளைக்கு விசாரணை. லூக்காஸ் வாய் திறக்காவிட்டால் ரிஸ்கானுக்கு வேலை இல்லை. லூக்காசை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற அந்தப் பொடியன் போன் எடுத்துச் சொன்னதுதான் கொடுமை: "நானா, நீங்க எழுதித்தான் வச்சிருக்கீங்க. என்ட கண்ணுக்குத்தான் படல்ல. என்னால உங்களுக்கும் கரைச்சல், மன்னிச்சுக்கங்க."

"அண்ணே, தூங்கிட்டீங்களா?"

பக்கத்து வீட்டு அனற் உள்ளே வந்தாள். குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு அந்த விமானத்தில்தான் வந்து இறங்கியவள். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, பின்னேரம் அந்தோனியார் கோவிலில் நன்றிப் பூசை கொடுக்கிறாள். கையில் ஒரு துண்டுக் காகிதம்.

"நான் ஜன்னல் பக்கம்தான் இருந்தேன்ணே. வெள்ளையா ஒன்னு, பெருசா, தலைக்கு மேல சும்மா நீந்திக்கிட்டுப் போச்சு. பயமே வரல, அழகா இருந்துச்சு. கீழ வந்து இறங்குன பிறகுதான் விசயம் தெரிஞ்சு அங்கயே உக்காந்துட்டேன்."

லூக்காஸ் அவளையே பார்த்தான். இத்தனை நாள் மூடுபனிக்குள் அவன் கண்ட ஜன்னல்களில் ஒன்றிலிருந்து இவள் இறங்கி வந்து, டொரதியின் கதிரையில் உட்கார்ந்து பேசுகிறாள் என்று தோன்றியது.

"பூசைக் கருத்து எழுதணும், யாராருக்காக மன்றாடணும்னு," என்றாள். "ஃபாதர் பேரெல்லாம் வாசிப்பாரு. அந்தத் தப்பு பண்ணவரு பேரையும் போடலாம்னு பார்க்கிறேன். பாவம், அந்த மனுசனுக்கு எப்படித் தூக்கம் வரும்? நீங்க அங்கதானே வேலை. எழுதித் தாங்க."

பேனாவை நீட்டினாள். அவன் வாங்கினான். ரிஸ்கான் என்று எழுதினால் போதும். கோவில் முழுக்க அந்தப் பெயருக்காக மன்றாடும். எவ்வளவு சுலபம். அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. எழுதிக் கொடுத்தான்.

அனற் வாசித்தாள். "இது உங்க பேராச்சே."

"ஆமா."

எல்லாவற்றையும் சொன்னான். பிறகு எழுதிய எண்ணையும் சொன்னான். அவள் முகம் கறுத்துப்போனது. எழுந்து நின்றாள்.

"மறந்ததுக்கு நான் ஒன்னும் சொல்லல. மனுசன்தானே. அப்புறம் எழுதுனீங்களே அண்ணே." காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "பேரு இருக்கட்டும். ஆனா அந்தத் தம்பிக்குச் சொல்லாம கோயில் பக்கம் வந்துறாதீங்க."

அவள் படியிறங்கிப் போனபின் லூக்காஸ் போனை எடுத்தான். மூன்று தடவை எண்ணைத் தட்டி, மூன்று தடவையும் அழித்தான். நாலாவது தடவை மணி அடித்தது.

"நானா, சாப்பிட்டீங்களா?" என்றான் ரிஸ்கான்.

லூக்காஸ் சுற்றி வளைக்கவில்லை. "ரிஸ்கான், நீ பார்க்கும்போது பட்டியில முப்பத்தேழுதான் இருந்துச்சு. முப்பத்தஞ்சுன்னு நான் பிறகு எழுதினேன். நாளைக்கு விசாரணையில இதத்தான் சொல்லப்போறேன்."

திட்டுவான், திட்டட்டும் என்று லூக்காஸ் கண்ணை மூடிக் காத்திருந்தான்.

"அப்ப நான் ஒழுங்காத்தான் பார்த்திருக்கேனா நானா?"

"ஒழுங்காத்தான் பார்த்த."

"நான் கண் டொக்டர்ட்ட போனேன். கண்ணுல ஒன்டுமில்ல என்டாரு. அப்ப மூளையிலதான் ஏதோ என்டு நினைச்சேன். மகளை ஏத்திக்கிட்டு பைக் ஓட்டப் பயம். ஒம்போது நாளா அவ நடந்துதான் ஸ்கூலுக்குப் போறா."

அவன் திட்டவில்லை. நான் ஒழுங்காத்தான் பார்த்திருக்கேன் என்று இரண்டு மூன்று தடவை மெதுவாகத் தனக்கே சொல்லிப் பார்த்தான். பிறகு அழத் தொடங்கினான். லூக்காஸ் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.