காந்தல் பொட்டலம்

சுமை ஏறாத தோள் வலிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவன் சிரித்திருப்பான். கிடங்கில் பெல்ட்டு பூட்டி, மூட்டைகள் தாமாகவே லாரிக்குள் ஏற ஆரம்பித்த பிறகு, வலது தோளிலிருந்து பிடரி வரைக்கும் ஒரு குடைச்சல். உட்கார்ந்தால் குடைந்தது. படுத்தால் இன்னும் குடைந்தது. நடந்தால் கொஞ்சம் தேவலை. ஆகவே கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடத்தில் போவதும் திரும்புவதுமாக இருந்தான்.

"ஏங்க, வீட்டுக்காரன் தரை தேஞ்சு போச்சுன்னு சொல்லப் போறான்" என்றாள் மனைவி.

கிடங்கில் அவனுக்கு ரெட்டை என்று பெயர். எல்லோரும் ஒரு மூட்டை தூக்கினால் அவன் இரண்டு தூக்குவான். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கூலிச் சீட்டில் எழுதும்போது மட்டும் யாராவது கேட்பார்கள்.

பெல்ட்டு வந்தபிறகு அவனுக்கு இருந்த ஒரே வழி மலை. முதுகில் பையை மாட்டிக்கொண்டு நாள் கணக்கில் மலை ஏறிச் சுற்றுகிறவர்களை அழைத்துப் போகும் அம்மா ஒருத்தி இருந்தாள். முன்பு நர்ஸாக இருந்தவள். பாதி தலை நரைத்தும் ஆட்டுக்குட்டி மாதிரி பாறை ஏறுவாள். கூடாரமும் பாத்திரமும் தூக்கிக்கொண்டு கூட நடக்க அவளுக்கு ஆட்கள் தேவை. வேலை கொடுப்பதற்கு முன் ஒரு முறை மலைக்குக் கூட்டிப் போய்ப் பார்ப்பாள். எத்தனை பேர் தேறினாலும் எடுத்துக்கொள்வாள். ஆனால் இரண்டு விஷயத்தில் பிடிவாதம். அவரவர் சாப்பாட்டை அவரவரே கொண்டுவந்து, மேலே போனபிறகும் தட்டைக் காலி செய்ய வேண்டும். அப்புறம், ஒருவனுடைய பையை வழியில் இன்னொருவன் தூக்க நேர்ந்தால், பைக்குச் சொந்தக்காரன் வீட்டுக்குப் போகலாம்.

போன முறை ரெட்டை வீட்டுக்குத்தான் வந்தான். உயரத்துக்குப் போனதும் வாய் கசந்தது. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. பட்டினியோடு ஏறி, கண் இருட்டிப் பாதையில் உட்கார்ந்தபோது, யாரோ ஒருவன் வந்து அவன் பையை எடுத்துத் தன் முதுகில் போட்டுக்கொண்டான். விழுந்ததைவிட அதுதான் அவனுக்கு உறுத்தியது. இன்னொரு தடவை வந்து பாருங்கண்ணே, இதுதான் கடைசி என்று அந்த அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

மனைவி நூற்பாலை கேன்டீனில் அடுப்பு பார்க்கிறவள். மலையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஆனால் ஷிப்டு முடிந்து வருகிற ஆட்களுக்கு வாய் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வயிறு காலியாக இருக்கும், நாக்கு செத்துப் போயிருக்கும். அப்படிப்பட்டவனுக்குப் பிடிக்கிறதா என்பதை, நன்றாகத் தூங்கி எழுந்தவனிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. அதனால் சாக்கில் மணலைக் கட்டி அவன் முதுகில் ஏற்றி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஏறி இறங்கச் சொன்னாள். மூச்சு வாங்க வந்து நிற்கும்போது வாயில் ஒரு கரண்டி போடுவாள். ருசி பார்ப்பது அப்போதுதான்.

முதலில் அவல் ஊறப்போட்டாள். வெல்லம் கலந்தது இரண்டாம் வாயிலேயே திகட்டியது. பிறகு வறுத்த மாவு.

"எப்படி இருக்கு?"

"வாயில போட்டா சிமெண்டு. தண்ணி ஊத்தினா கான்கிரீட்டு."

"அப்ப தளம் போடலாம். அடுத்தது தின்னுங்க."

பால்பொடியில் செய்தது நெஞ்சைக் கரித்தது. வேகவைத்துக் காயப்போட்ட பருப்பு நன்றாக இருந்தது, ஆனால் பாதிக்கு மேல் இறங்கவில்லை. தக்காளியை அரைத்துத் தட்டில் தடவிக் காயவைத்து, தோல் மாதிரி உரித்துக் கொடுத்தாள். அதை மட்டும் கேட்டு வாங்கித் தின்றான். புளிப்புத்தான் உள்ளே போகிறது என்று அவளுக்கு அப்போது பிடி கிடைத்தது. புளிப்பு, உப்பு, பல்லில் கடிபட ஏதாவது.

மறுநாள் கேன்டீன் அண்டாவில் சோறு அடிப்பிடித்துவிட்டது. மேற்பார்வையாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். சுரண்டிய காந்தலைக் குப்பையில் போட மனமில்லாமல் வீட்டுக்கு எடுத்து வந்து வெயிலில் காயவைத்து நொறுக்கினாள். அதோடு வறுத்த நிலக்கடலை, காய்ந்த எலுமிச்சைத் தோல் பொடி, உப்பு, மிளகாய், அந்தத் தக்காளித் தோல். ரெட்டை மாடி இறங்கி வந்து, நின்றபடியே கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, கரண்டியால் அடியைச் சுரண்டினான்.  அடுத்த நாள் முதல் வேண்டுமென்றே அடிப்பிடிக்க விட்டாள், திட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள்.

புறப்படும் நாள் காலையில் பொட்டலங்களை அடுக்கிப் பையைக் கட்டி வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனாள். சுடுதண்ணி ஊத்தி மூடி வைங்க, அவசரம்னா அப்படியே மெல்லுங்க என்று வாசலில் நின்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் பையைத் தூக்கிப் பார்த்தான். ஒரு விரலில் வந்தது.

அங்கேதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து பளுவை வைத்துத்தான் அவனை ஊர் மதித்தது. பையை மாட்டினான், கழற்றினான், மறுபடி மாட்டினான். முதுகில் ஏதும் இருப்பதாகவே தெரியவில்லை. இதை மாட்டிக்கொண்டு கிடங்கு வாசலைத் தாண்டி பஸ்ஸுக்குப் போக வேண்டும். என்ன ரெட்டை, பஞ்சு வியாபாரமா என்று எவனாவது கேட்பான். தோளிலும் அந்தக் குடைச்சல் விடவில்லை. தோளுக்கு வேண்டியது பாரம்தான் என்று அவனுக்குப் பட்டது. பொட்டலங்களை வெளியே எடுத்தான். அரிசி, உருளைக்கிழங்கு, வெங்காயம், அரைப் பூசணிக்காய், இரண்டு டின் மீன் என்று வீட்டில் இருந்ததையெல்லாம் திணித்தான். இப்போது பை பையாக இருந்தது. பொட்டலங்களை வீட்டில் விட்டால் அவள் பார்த்துவிடுவாள். ஒரு துணிப்பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டான்.

பஸ் நிறுத்தத்தில் கம்பி என்று எல்லோரும் கூப்பிடும் பையன் நின்றிருந்தான். கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறவன், ஆளும் அப்படித்தான் இருப்பான். அவனும் மலை வேலைக்குத்தான் வந்திருந்தான். சமைத்துத் தர ஆளில்லாததால் அவன் பையில் இருந்தது ரொட்டியும் பிஸ்கட்டும். ரெட்டை துணிப்பையை அவனிடம் நீட்டினான்.

"என்னண்ணே இது?"

"வீட்டுல கொடுத்தது. எனக்குக் காத்து மாதிரி இருக்கு. நீ தின்னு."

கம்பி ஒரு பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தான். "அண்ணி கையில கொஞ்சம் அடிப்பிடிச்சிருக்கு போல" என்றான். ஆனாலும் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு மீதியை மடித்து வைத்தான்.

முதல் நாள் ரெட்டைதான் முன்னால் போனான். தோள் வலி போன இடம் தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் மெல்லப் போகச் சொல்லிக் கத்தினார்கள். மறுநாள் மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போயின. காற்று மெலிந்தது. சாயங்காலம் கூடாரம் அடித்து, எல்லோரும் அடுப்பைப் பற்றவைத்தார்கள். மற்றவர்கள் தின்று முடித்த பிறகும் ரெட்டையின் உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டே இருந்தது. அந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், காய் வேகாது. எரிவாயுக் குப்பி தீர்ந்து அடுப்பு அணைந்தது. ஒரு துண்டைக் கடித்தான். நடுவில் பச்சை. இரண்டாவது துண்டு தொண்டைக்குப் போகும்முன்பே குமட்டியது. மீன் டின்னைத் திறந்து, அந்த வாடைக்கே மூடினான்.

நர்ஸம்மா வந்து தட்டைப் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை.

"உங்களால எவ்வளவு தூக்க முடியும்னு எனக்குத் தெரியும்ணே. நான் பார்க்கிறது இந்தத் தட்டை. காலையில வந்து பார்ப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா இங்கிருந்தே கீழ அனுப்பிடுவேன்."

அவள் போனபிறகு அவனால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. கூடாரத்தைச் சுற்றி வந்தான். கட்டியிருந்த கயிற்றையே மறுபடி அவிழ்த்துக் கட்டினான். கொஞ்சம் தள்ளிக் கம்பி சப்பணமிட்டு உட்கார்ந்து, காந்தலில் சுடுதண்ணீர் ஊற்றி மூடி வைத்திருந்தான். மூடியைத் திறந்தான். தீய்ந்த சோற்று வாசனையும் எலுமிச்சையும் மிளகாயும் சேர்ந்து காற்றில் வந்தன. ஷிப்டு முடிந்து வரும் மனைவியின் புடவையில் அடிக்கும் வாசனை. ரெட்டையின் வாயில் எச்சில் ஊறியது. எதிரே போய் நின்றான். 

"உங்க வீட்டுச் சாப்பாடுதானேண்ணே, உட்காருங்க" என்று கம்பி கிண்ணத்தைத் தள்ளினான்.

ரெட்டை தின்றான். கிண்ணத்தைக் கொடுத்தபோதுதான் கம்பிக்கு மிச்சம் வைக்கவில்லை என்பதைப் பார்த்தான். கம்பி சிரித்துவிட்டு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டான்.

காலையிலும் கம்பி தன் காந்தலை அவன் தட்டில் போட, அவனே முழுவதையும் தின்றான். நர்ஸம்மா வந்தபோது ரெட்டையின் தட்டு கழுவியது போல இருந்தது. பரவாயில்லையே என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். கணவாய் ஏறுவதற்கு முன் கம்பி கடைசிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். உனக்கு வேண்டாமா என்று ரெட்டை கேட்டான். எனக்கு ரொட்டி கிடக்குண்ணே என்றான் கம்பி. ரொட்டி பூசணம் பிடித்து, முந்தைய நாளே பாறைக்கு அடியில் அதைக் கம்பி புதைத்ததை ரெட்டை பார்த்திருந்தான். பிஸ்கட் உறை காலியாகக் கிடந்ததையும் பார்த்திருந்தான். அப்படியா என்று சொல்லி வாங்கிக்கொண்டான். நடந்துகொண்டே மென்றான். காந்தல் பல்லில் நொறுங்கும் சத்தம் காதுக்குள் பெரிதாகக் கேட்டது.

கடைசி ஏற்றத்தில் கம்பியின் கால் மடங்கியது. விழவில்லை. பாறையில் சாய்ந்து, பை முதுகிலிருந்து நழுவ, ஒரு நிமிஷம்ணே, ஒரே ஒரு நிமிஷம் என்று முனகினான். உதடு வெளுத்திருந்தது. நர்ஸம்மா மேலே திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

ரெட்டை யோசிக்கவில்லை. கீழே கிடக்கிற சுமையைப் பார்த்தால் அவன் கை சும்மா இருந்த வழக்கமில்லை. குனிந்தான், கம்பியின் பையை எடுத்தான், தன் பைக்கு மேல் போட்டுக்கொண்டான். இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. நான்கைந்து எட்டு ஏறியபிறகுதான், பைக்குச் சொந்தக்காரன் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அவனுக்கு உறைத்தது. திரும்பினான். கம்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீழ வைங்கண்ணே" என்றான் கம்பி. "நானே தூக்கியிருப்பேன்."

ரெட்டை வைத்தான். ஆனால் மேலே நின்றவள் பார்த்துவிட்டாள். அவளிடம் ரெட்டை விளக்கம் சொல்லப் போனான். அவன் பட்டினி, அவன் சாப்பாட்டைத் தின்றது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் தட்டைக் காலி செய்தது எப்படி என்ற கேள்வி வரும். வார்த்தையை விழுங்கிவிட்டு, பாவம்மா, நல்ல பையன் என்றான். நல்லவன்தான்ணே, ஆனா நாளைக்கு ஒருத்தர் விழுந்தா இவன் தூக்கணுமில்ல என்றாள் அவள். இறங்கும் வழியில் கம்பி தன் பையைத் தானே சுமந்து வந்தான். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, பாலத்துக்குப் பக்கத்தில், கம்பிக் கட்டுகள் குவித்திருந்த ஒரு கட்டட வாசலில் இறங்கிக்கொண்டான்.

வீட்டில் மனைவி அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"தேறிட்டீங்களா?"

"ம்."

"அரிசி, கிழங்கெல்லாம் வேற அள்ளிட்டுப் போயிருக்கீங்க. எது இறங்குச்சு?"

"காந்தல்."

"போதுமா இருந்துச்சா?"

"போதும்."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நடைக்கு நிறையச் செய்ய வேண்டும், மேற்பார்வையாளர் திட்டினால் திட்டட்டும் என்று சொல்லிக்கொண்டே காய்ந்த எலுமிச்சைத் தோலை இடிக்க உட்கார்ந்தாள். அவன் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே நடக்க ஆரம்பித்தான். இப்போது தோள் வலிக்கவில்லை, ஆனாலும் நடந்தான்.

மலை வேலை அவனுக்கு நிலைத்துவிட்டது. ஒவ்வொரு நடைக்கும் அவள் கட்டித் தருவதில் ஒரு பொட்டலத்தைத் தனியாக எடுத்து வைப்பான். பாலத்தில் பஸ் நிற்கும்போது இறங்கலாம் என்று எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிடுவான். கம்பியிடம் அவன் தின்றது மூன்று வேளைச் சாப்பாடு. அதில் ஒரு வேளையைக்கூட இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.