அனுமதி கேட்டவர்கள்

என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கவே கூடாது. எங்கள் வேட்டைக்காரர் சங்கத்தில் நாற்பது பேர். வாயைக் கட்டத் தெரிந்தவர்கள் முப்பத்தொன்பது பேர். மீதி ஒருத்தியைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் தேடிப் பிடித்தாள்.

வழக்கு வில்லோ ஓடை ரோட்டைப் பற்றியது. எமெட் ராஸ்முசனின் மாட்டுப் பண்ணைக்குள் நாலு மைல் ஓடும் மண் ரோடு அது. அது முடிகிற இடத்தில் லோன் பைன் மலை தொடங்குகிறது. மலை அரசாங்கத்துடையது, அதாவது மொன்டானா மாநிலத்தில் இருக்கும் ஒவ்வொரு ஏழைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் சுற்றிலும் தனியார் நிலம். ரோட்டை மூடினால் மறுபக்கம் கணவாய் ஏறிப் பதினெட்டு மைல் நடக்க வேண்டும். என் புருஷன் ஓரினுக்கு அப்போது எழுபத்தாறு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டன, நுரையீரல் பாதி போய்விட்டது. ரோடு இருந்தால் அவர் மலைக்குப் போவார். இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் இல்லை.

இலையுதிர் காலத்தில் ஓர் எல்க் மான் அடித்து வருவார், குளிர்காலம் முழுக்க அதைத்தான் சாப்பிடுவோம். கோடை வந்தால் துப்பாக்கியை வைத்துவிட்டு மண்வெட்டியோடு அதே மலைக்குப் போவார். புல்லை அழிக்கிற ஊதாப்பூக் களையைப் பிடுங்குவதும், மான் கன்றுகளின் காலில் சிக்கும் பழைய முள்கம்பியைச் சுருட்டி எடுப்பதும் எங்கள் நாற்பது பேரின் வேலை. கறி தின்னாத ஒரு பள்ளிக்கூட டீச்சர் ஒருமுறை கடையில் வைத்து ஓரினை மடக்கினார்.

"கொல்றதும் நீங்க, காப்பாத்துறதும் நீங்களா?"

"நீங்க உருளைக்கிழங்கு திங்கிறீங்கல்ல? தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துறது யாரு?" என்றார் இவர்.

டீச்சர் அடுத்த கோடையில் களை பிடுங்க வந்தார். கறி மட்டும் இன்றுவரை தொடவில்லை.

எமெட் செத்துப்போனார். மகள் பண்ணையை, வீட்டுச் சாமான்களோடு, வெளிமாநிலத்துப் பணக்காரர் ஒருவருக்கு விற்றாள். மூன்றாவது வாரம் ரோட்டில் புது இரும்பு கேட் வந்தது, பூட்டு வந்தது, கேமரா வந்தது. சங்கம் வழக்குப் போட்டது.

முதல் கூட்டத்திலேயே எங்கள் வக்கீல் சட்டத்தை விளக்கினார். யாரையும் கேட்காமல், ஒளிக்காமல், வருஷக்கணக்காக ஜனங்கள் ஒரு ரோட்டில் போய்வந்தால் அது பொதுரோடு ஆகிவிடும். நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டுப் போனால் அது அவர் காட்டிய தயவு. தயவை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

"அப்ப மரியாதை தெரியாதவனுக்குத்தான் ரோடு சொந்தமா?" என்று கேட்டேன்.

"சட்டப்படி கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றார் வக்கீல். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஏனென்றால் நாங்கள் கேட்டோம். நாற்பத்தொரு வருஷம் கேட்டோம். வேட்டை சீசன் தொடங்குவதற்கு முந்தின நாள் எமெட் வீட்டுக் கதவைத் தட்டி, தொப்பியைக் கழற்றி, சங்கத்தில் எல்லோருக்கும் சேர்த்துக் கேட்பது ஓரின்தான். "போங்க, கேட்டைச் சாத்திட்டுப் போங்க" என்பார் எமெட். சீசன் முடிந்ததும் எல்க் சாசேஜ், காட்டுச் செர்ரி ஜாம், கூடவே ஒரு நன்றி அட்டை கொண்டுபோய்க் கொடுப்போம். அட்டை எழுதியது நான். என் அம்மா என்னை அப்படி வளர்த்திருந்தாள். எமெட் அவற்றை ஒன்றுவிடாமல் ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். வீட்டோடு பெட்டியும் விலை போனது.

விசாரணை அன்று காலையில் ஓரின் சாட்சி சொன்னார். அனுமதி கேட்டீர்களா என்றதற்கு, "நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போவோம்" என்றார். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. என் பக்கம் திரும்பவே இல்லை.

மதிய இடைவேளையில் எங்கள் வக்கீல் என்னையும் ஓரினையும் தாழ்வாரத்தில் ஓரமாக அழைத்துப் போனார்.

"அட்டையெல்லாம் சமாளிச்சிடலாம், லவோன். அக்கம்பக்கத்து மரியாதைன்னு சொல்லிக்கலாம். ஒண்ணே ஒண்ணுதான். எமெட் எப்பவாவது போகாதீங்கன்னு சொல்லி, நீங்க திரும்பி வந்தது உண்டா?"

நான் ஓரினைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"அப்படி ஒண்ணு இருந்தா நம்ம கதை முடிஞ்சுது" என்றார் வக்கீல். "இல்லைன்னே நெனச்சுக்கறேன்." பதிலுக்குக் காத்திராமல் காபி வாங்கப் போய்விட்டார்.

அப்படி ஒன்று இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன், அக்டோபரிலேயே இடுப்பளவு பனி விழுந்த வருஷம். மேலே மேய வழியில்லாமல் எல்க் கூட்டம் முழுவதும் ஓடையோரம் இறங்கியிருந்தது. தாய் மான்களுக்கு விலா எலும்பு எண்ணலாம் போல இருந்தது. எமெட் வாசலை மறித்து நின்றார். "இந்த வருஷம் வேணாம், ஓரின். வண்டிச் சத்தம் கேட்டாலே ஓடும், ஓடினா செத்துரும். விட்டுருங்க அதுகள." ஓரின் மறுபேச்சுப் பேசவில்லை. மற்றவர்களுக்கு ரோட்டில் பனி என்று மட்டும் சொன்னார். அந்தக் குளிர்காலம் நாங்கள் கோழிக்கறி தின்றோம். இது தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் செத்துவிட்டார்.

"ஏன்யா, நான் என்ன சொல்றது?" என்றேன் ஓரினிடம்.

"உன் இஷ்டம்."

"இதுதான் பதிலா?"

"என்னைக் கேக்காத, லவோன். எனக்கு அந்த மலை வேணும். நான் சொல்ற பதில் யோக்கியமா இருக்காது."

ஐம்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியதில் அவர் இவ்வளவு பச்சையாக எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. ஒரு புது பூட்ஸ்கூடக் கேட்டதில்லை. 'இல்லை' என்று ஒரு வார்த்தை. சொல்லிவிடலாம் என்றுதான் உள்ளே போனேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் சின்னப் பெண். அட்டைகளை வருஷவாரியாக மேஜையில் அடுக்கியிருந்தாள்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமா. இப்ப இவ்வளவு அழகா வராது."

நீதிபதி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஒன்றை எடுத்துப் படித்தாள். உங்கள் நிலம் வழியாகப் போக இந்த வருஷமும் அனுமதித்ததற்கு நன்றி, எமெட்.

"அது மரியாதைக்கு எழுதுறது" என்றேன்.

"சரிம்மா. அவர் எப்பவாவது மாட்டேன்னு சொல்லியிருக்காரா?"

வாயைத் திறந்தேன். இல்லை என்று சொன்னால், வாசலில் நின்ற எமெட் இல்லை என்று ஆகும். அவர் தடுத்திருந்தாலும் நாங்கள் அந்த மான்கள் நடுவே வண்டியை விட்டிருப்போம் என்று ஆகும். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. நாங்கள் யார் என்று கோர்ட்டில் சொல்லத்தானே வழக்கே போட்டோம்?

"ஒரு தடவை சொன்னாரு" என்றேன். "நாங்க திரும்பி வந்துட்டோம்."

எங்கள் வக்கீல் பேனாவை மூடிவைத்தார். ஓரின் மடியிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வந்தோம். வந்ததும் எனக்கும் சேர்த்து முட்டை பொரித்தார்.

ஐந்து வாரத்தில் தீர்ப்பு வந்தது. தோற்றோம். சங்கத் தலைவர் ரஸ் மட்டும் முகத்துக்கு நேரே கேட்டார்: "உங்க நல்ல பேரைக் காப்பாத்திக்கிட்டீங்க, லவோன். எங்க மலை?" மற்றவர்கள் கேட்கவில்லை. ஆனால் கூட்டத்தில் எனக்கு இருபக்கமும் நாற்காலி காலியாகவே இருந்தது. அந்தக் கோடையில் களை பிடுங்க யாரும் மேலே போக முடியவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தாலே கீழ்ச்சரிவு ஊதாவாகத் தெரிந்தது. தெரியாதவர்கள் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள்.

அக்டோபர் வந்தது. சீசன் தொடங்கும் அன்று ஓரின் பிக்கப் வண்டியை எடுத்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட் முன்னால் போய் நிறுத்தி, இறங்காமல், மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ஆக்சிஜன் குழாய் அவர் மூக்கில் இருந்தது.

கேமராவில் பார்த்துவிட்டுப் பண்ணை மேனேஜர் வேட் வந்தான். திட்டத்தான் வருகிறான் என்று நானும் தயாரானேன். அவன் தொப்பியைத் தொட்டுக் கும்பிடு போடாத குறையாக நின்றான்.

"முதலாளி சொல்லியிருக்காரு, சார். கோர்ட்ல அம்மா உண்மையைச் சொன்னதில அவருக்கு ரொம்ப மரியாதை. நீங்க ரெண்டு பேரும் எப்ப வேணும்னாலும் மேல போகலாம். ஒரு வார்த்தை கேட்டா போதும், இப்பவே திறந்துவிடுறேன்."

ஓரினின் கை ஸ்டீயரிங்கில் இறுகியது.

"மத்தவங்க?"

"உங்க ரெண்டு பேர் மட்டும்தான், சார்."

"களை புடுங்கினது நாப்பது பேருப்பா."

"அது எனக்குத் தெரியாது, சார்."

"அப்ப வேணாம்" என்றார் ஓரின்.

வேட் தலையாட்டிவிட்டுத் தன் வண்டிக்குப் போனான். உடனே கிளம்பவில்லை, எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தான். அவனும் மனுஷன்தானே.

"ரொம்ப ஆசையா இருந்துச்சு, லவோன்" என்றார் ஓரின்.

"தெரியும்."

அவர் சாவியைத் தொட்டார், திருப்பவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். 'போனா போகுது, கேளுய்யா' என்று நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். சத்தியமாகக் கேட்டிருப்பார். பழி என் தலையில் விழுந்திருக்கும், அவர் மலையில் இருந்திருப்பார். நான் பெருமையாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் வண்டியைத் திருப்பினார். மார்ச்சில் செத்துப்போனார்.