பத்தொன்பது மைல் தையல்

பெரம்பலூரில் துணிக்குள் இறங்கிய ஊசி அரியலூரில்தான் வெளியே வந்தது. நடுவில் பத்தொன்பது மைல். அத்தனையும் ஒரே தையல். ஓடுகிற மாட்டுவண்டியில், நூல் ஒருமுறைகூட அறாமல். தையல் மிஷினை மிதித்தவன் நான். மேலே போய்க்கொண்டிருந்த கொக்குக் கூட்டம் திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போனது.

கொக்கை வேண்டுமானால் விட்டுவிடலாம். மற்றதை எங்கள் தெருவில் எல்லோரும் நம்பிவிட்டார்கள், என் மனைவியின் தம்பி ஆண்டவரைத் தவிர. அவர் ரோடு மேஸ்திரி. பேரளியைத் தாண்டி மூன்று மைல் கப்பி ரோடு அவர் பொறுப்பு. அந்த மூன்று மைலில் தலையில் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு வண்டியில் போனாலும் ஒரு சொட்டுச் சிந்தாது என்பது அவர் பேச்சு.

"ஓடுற வண்டியில ஊசியில நூலு கோக்கவே முடியாது. இவரு மெத்தையே தச்சாராம்! ஏன் மாமா, பாபின்ல பத்தொம்பது மைல் நூலா சுத்தியிருந்துச்சு?"

"நடுவுல பாபின் மாத்துனோம் மாப்ள. மாத்துறது வேற, அறுறது வேற."

"அக்கா, நீயாச்சும் சொல்லு."

பஞ்சவர்ணம் சொல்ல மாட்டாள். "அவரு சொல்றதுல பாதியக் கழிச்சுக்க" என்று உள்ளே போய்விடுவாள். எந்தப் பாதி என்று சொல்லியிருந்தால் வழக்கு அன்றே தீர்ந்திருக்கும்.

யுத்தம் முடிகிற வருஷம் அது. அரியலூர் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகியிருந்தது. முப்பது வருஷம் ரயிலுக்கு ஓடிய கால். ஓய்வு பெற்ற சேதி அதற்கு எட்டவில்லை. உட்கார்ந்தால் வலது பாதம் தானாக ஆடும். கட்டிலில் படுத்தால் கட்டில் ஆடும். கட்டில் ஆடி எதிர்வீட்டு ஓடு சரிந்தது என்றுகூடச் சொல்வேன், அந்த வீட்டுக்காரர் உயிரோடு இல்லாத தைரியத்தில். "கால ஆட்டாதீங்க, வூட்டுக்கு ஆவாது" என்று பஞ்சவர்ணம் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வாள். அந்தச் சமயம் வீட்டில் யாருக்குமே ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. மகள் ஜெயலட்சுமி பிரசவத்துக்கு வந்திருந்தாள். முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. இது மூன்றாவது.

பிள்ளை தங்காத வீட்டில், பிறக்கிற பிள்ளையைப் பிள்ளைகள் பிழைத்த வீட்டுக் கந்தலில் கிடத்த வேண்டும். பஞ்சவர்ணம் பதினோரு வீடு ஏறி இறங்கினாள். ரேஷன் கார்டுக்குத் துணி அளந்து கொடுத்த காலம். கந்தல் கேட்பதும் பவுன் கேட்பதும் ஒன்றுதான். ஏழு பிள்ளை பெற்ற சம்பூர்ணம், "எனக்கே மாத்துச் சேலை இல்ல, உனக்குக் கிழிச்சுக் குடுக்கவா?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு, சாயங்காலம் தன் கல்யாணச் சேலையின் முந்தியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள். எல்லாவற்றையும் நாலு மடிப்பாக அடுக்கி, இரண்டு முழச் சதுரத்தில் பஞ்சவர்ணம் பெரிய பெரிய இழையாக ஓட்டி வைத்தாள். இனி நெருக்கித் தைக்க வேண்டும். அங்கேதான் அவள் விரல் முட்டிகள் வீங்கிக்கொண்டன. நாலு மடிப்பில் ஊசி இறங்கவில்லை. பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான்.

பெரம்பலூரில் ஒரு தையற்காரர் இறந்துபோய், அவர் மனைவி பாப்பாயி பழைய மிஷினை விற்கப்போவதாகத் தகவல் வந்தது. ஜெயலட்சுமியை மருத்துவச்சி பொன்னுத்தாயிடம் ஒப்படைத்துவிட்டு, கந்தல் மூட்டையோடு பஸ்ஸில் போய் இரவு அங்கே தங்கினோம். மறுநாள் காலையில் மிஷினைப் பார்த்தோம். தங்கப்பூ எல்லாம் தேய்ந்து, தையற்காரரின் இடது கை இருபது வருஷம் அழுந்திய இடத்தில் கறுப்புப் போய் இரும்பு தெரிந்தது. பஞ்சவர்ணம் மூட்டையை அவிழ்த்து ஒரு மூலையைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தாள். ஊசி நாலு மடிப்பையும் வாழைத்தண்டு போலக் கடந்தது. விலை படிந்தது.

உடனே பாப்பாயி சக்கரத்தில் மாட்டியிருந்த தோல் வாரைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அது இல்லாம எப்படிம்மா ஓடும்?" என்றேன்.

"மாட்ட வித்தா கயித்தயுமா குடுப்பாங்க? இருவது வருசம் எங்களுக்குச் சோறு போட்டது இது. கயித்தக் குடுத்தா எங்க வூட்டு லச்சுமி உங்க பின்னாலயே வந்துருவா. நீங்க புதுக் கயிறு கட்டிக்குங்க."

அதுவும் நியாயம்தான். மாடு விற்றால் நாங்களும் கயிறு கொடுப்பதில்லை.

வெளியே வந்தபோது அரியலூர் பஸ் கண்டக்டர் எங்களைத் தேடி வந்துகொண்டிருந்தார். ஜெயலட்சுமிக்கு விடியற்காலையிலேயே வலி கண்டுவிட்டதாம். திரும்பிப் போக அந்தப் பஸ் இல்லை. கரி அடுப்பில் ஓடுகிற யுத்தகாலப் பஸ். அடுப்பு ஓட்டையாகிவிட்டது, இனி நாளைக்குத்தான் என்றார். சந்தையில் மிளகாய் இறக்கிவிட்டு அரியலூருக்கு வெறும் வண்டியாகத் திரும்பிய நல்லதம்பியைக் கையெடுத்துக் கும்பிட்டு, மிஷினை வண்டியோரத்து முளைக்குச்சிகளோடு கட்டி ஏறிக்கொண்டோம்.

 பஞ்சவர்ணம் மூட்டையை மடியில் இறுக்கிக்கொண்டு, மாடுகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பாதம் வண்டிப் பலகையில் தடதடவென்று அடித்தது. அவள் திரும்பி அதைப் பார்த்தாள். திட்டு வரப்போகிறதென்று காத்திருந்தேன்.

"ஆட்டுங்க" என்றாள்.

"என்னது?"

"அத மிஷினு மேல வச்சு ஆட்டுங்க. புள்ள வர்றதுக்குள்ள இது முடியணும்."

வாருக்கு எங்கே போவது? நல்லதம்பி புதுக் காளைக்கென்று வாங்கிய மூக்கணாங்கயிற்றை மடியிலிருந்து எடுத்து நீட்டினான். முடிச்சுப் போட்டு மாட்டினோம். ஒவ்வொரு சுற்றுக்கும் முடிச்சு 'டக்' என்றது. மிஷினே மணி கட்டிய மாடு மாதிரி ஆகிவிட்டது. வெளிவிளிம்பில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி உள்ளே வருகிற தையல். நான் மிதிக்க, அவள் வீங்கிய விரல்களால் துணியைத் தள்ளினாள். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"மெதுவா ஓட்டுங்க தம்பி, தையல் கோணுது" என்பாள். அடுத்த மூச்சில், "இப்படி ஓட்டினா எப்பப் போய்ச் சேர்றது? வெரட்டுங்க தம்பி!" நல்லதம்பிக்கு எந்தப் பேச்சைக் கேட்பதென்று தெரியவில்லை. மாடுகளுக்கும்தான். பேரளி தாண்டியதும் வண்டி துள்ள ஆரம்பித்தது. நாலு ஊசி ஒடிந்ததும் அங்கேதான். ஒரு வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கியபோது நாங்கள் மூன்று பேரும் ஒரு பனை உயரம் எழும்பி உட்கார்ந்தோம். "கோணினா கோணட்டும்" என்று பஞ்சவர்ணம் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். அதற்குப் பிறகு அவள் மெதுவாகப் போகச் சொல்லவே இல்லை.

எங்கள் தெரு முனையில் தையல் நடுப்புள்ளிக்கு வந்தது. வண்டி நிற்குமுன் நூலைப் பல்லால் கடித்து, கந்தலை மார்போடு அணைத்துக்கொண்டு குதித்து ஓடினாள். நான் இறங்கவில்லை. இறங்கப் பயமாக இருந்தது. ஜெயலட்சுமியின் அலறல் ஒன்று கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. முடிச்சு மட்டும் டக், டக் என்றது. பிறகு, மெல்லிசாக, பூனைக்குட்டி போல, ஒரு குரல்.

"ஐயா, கால நிறுத்துங்க" என்றான் நல்லதம்பி. "வூடு வந்துருச்சு."

பேரனுக்குப் பிச்சை என்று பெயர் வைத்தோம். பிறந்து எட்டாம் மாதம், அவன் அந்தக் கந்தல் மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தபோது ஆண்டவர் வந்தார். "எங்க, பத்தொம்பது மைல காட்டுங்க பாப்பம்" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். வெளிவிளிம்பில் விரலை வைத்துத் தையலோடு நகர்த்தினார். கொஞ்ச தூரம் சீரான தையல். ஒரு சின்ன நெளிவு. "ம்" என்றார். சுற்றிச் சுற்றி விரல் உள்ளே வந்தது. அவர் உதடுகள் மைல்கற்களை எண்ணுவது போல அசைந்தன. பாதி மெத்தை தாண்டியதும் தையல், கள் குடித்த எறும்புச் சாரை மாதிரி ஆனது. விரல் மெதுவாயிற்று. ஓரிடத்தில் ஒரு விரல்கடை தூரத்துக்குத் தையலே இல்லை. அடுத்து ஒரே துளையில் மூன்று குத்து. விரல் அங்கே நின்றது. பின்னால் போனது. மறுபடி வந்து அங்கேயே நின்றது.

நான் வாயைத் திறக்கவில்லை. அது எவ்வளவு பெரிய காரியம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

பிச்சை தூக்கத்தில் புரண்டு, அந்த வெற்றிடத்தின் மேல் குதிகாலைப் போட்டான். ஆண்டவர் காலை நகர்த்தவில்லை. வாசற்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"வாய்க்கால் பாலத்துக் குழிய நாளைக்குக் கப்பி கொட்டி அடைச்சுடறேன் மாமா. வெளியில சொல்லிடாதீங்க."