நல்ல தண்ணீரில் கழுவிய போன்

கடல் தண்ணீரில் விழுந்த போனை இன்பமலர் கிணற்றடிக்குக் கொண்டுபோய் நல்ல தண்ணீரில் கழுவியபோது, அவளுக்கு விசர் பிடித்துவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

அன்று காலை அவளும் கணவன் றெக்சனும் நிலாவெளிக் கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சத் தூரத்தில், பாறைப் பக்கமாக, இன்பாஸின் படகு நின்றது. இன்பாஸ் றெக்சனின் சிறுவயதுச் சிநேகிதன். அவர்களுடைய மகளுக்கு ஞானத்தகப்பன். அவன் வெடி போட்டு மீன் பிடிக்கிறான் என்று கரையில் கதை அடிபட்டது. கேட்டால் முகத்துக்கு நேரே இல்லை என்பான். அன்றைக்கு அவன் திரி கொளுத்துவதை இன்பமலர் கண்ணால் கண்டாள். போனை எடுத்து வீடியோ பிடித்தாள். வெடி அவன் கையை விட்டுப் போன மறுகணமே வெடித்தது. திடுக்கிட்டதில் போன் நழுவி, படகின் அடியில் தேங்கிக் கிடந்த கடல் தண்ணீரில் விழுந்தது. தூக்கி எடுத்தவுடனேயே அதை நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மாமி இராசமலர் குசினியிலிருந்து அரிசி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இதுக்குள்ள புதைச்சு வை பிள்ளை. அரிசி ஈரத்தை இழுத்துப்போடும்."

மச்சாள் சுதர்ஷிகா தலைமயிர் காயவைக்கிற மெசினை நீட்டினாள். "சூடு காட்டுங்கோ, கெதியாக் காயும்."

"ஒருக்காப் போட்டுப் பார், வேலை செய்யுதோ எண்டு," என்றான் றெக்சன்.

"ஒண்டும் வேண்டாம்," என்றாள் இன்பமலர். "என்ர பழைய போனை அரிசிக்குள்ள வைச்சுத்தானே கெடுத்தனான். போன் திருத்துற ஸெய்னுதீன் நானா கழட்டிக் காட்டினவர். உள்ளுக்கு முழுக்கப் பச்சையாத் துரு, ஓட்டையெல்லாம் அரிசி மா. உப்பு உள்ள கிடந்தா அரிச்சுக்கொண்டே இருக்கும். முதல்ல உப்பைக் கழுவோணும், பிறகுதான் காயவைக்கிறது."

சிம்மைக் கழற்றினாள். ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரில் போனை அலசி, பழைய சீலைத் துண்டில் சுற்றினாள். நகரத்துக்கு பஸ் ஏறப் புறப்பட்டவளை றெக்சன் படலையில் மறித்தான்.

"அரிசிக்குள்ளேயே கிடக்கட்டுமன். வந்தா வரட்டும், வராட்டில் விடு."

இன்பமலர் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு அது வராமப் போனாத்தான் நல்லம், என்ன?"

அவன் ரோட்டைப் பார்த்தான். "அவன் என்ர சிநேகிதன், மலர்."

"அவன்ர கையில இருந்து எவ்வளவு தூரத்தில வெடிச்சது எண்டு நீங்களும் பாத்தனீங்கள்தானே. அதுக்குத்தான் போறன்."

நகரத்துச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்தது ஸெய்னுதீனின் கடை. அவர் போனை வாங்கியதும் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"போட்டுப் பாத்தீங்களா தங்கச்சி? சார்ஜில குத்தினீங்களா?"

"இல்ல நானா. தொடவே இல்ல."

அவர் தலையாட்டிவிட்டுக் கழற்றத் தொடங்கினார். பட்டரியைப் பிரித்தார். ஸ்பிரிட் தொட்ட சின்னப் பிரஷால் உள்ளிருந்த மின்பலகையை மூலை மூலையாகத் தேய்த்தார். காயவிட்டுத் திரும்பப் பூட்டிப் போட்டுப் பார்த்தார். திரை இருட்டாகவே கிடந்தது. இன்பமலர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"வேற ஏதும் செய்யேலாதா நானா?"

"திரை மட்டும் செத்திருக்கும். இருங்க, பாப்பம்." வேறொரு போனின் திரையைக் கொண்டுவந்து பொருத்தினார். வெளிச்சம் வந்தது. வீடியோ இருந்தது. பார்த்து முடித்த ஸெய்னுதீன் அதை ஒரு சின்ன மெமரி கார்ட்டில் ஏற்றி அவளிடம் கொடுத்தார்.

பின்னேரம் கரையில் இன்பாஸ் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான். இன்பமலர் திரை மாற்றிய போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு கோபப்பட்டான். திரி எரிந்து முடிவதையும், வெறும் கையொன்று வெளிச்சத்துக்குப் பக்கத்தில் விரிந்து நிற்பதையும் கண்டபோது கையிலிருந்த சீலையைக் கீழே வைத்தான். தன்னை அப்படி வெளியே இருந்து அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

"இன்னொருக்காப் போடுங்கோ," என்றான்.

இரண்டாம் முறையும் பார்த்தான்.

"நாளைக்குக் காலமை இதைக் கடற்றொழில் கந்தோரில குடுக்கப்போறன்," என்றாள் அவள். "நீங்களும் வந்து உங்கட வாயாலேயே சொன்னா, வழக்கின்ர பாரம் கொஞ்சம் குறையும். வராட்டிலும் நான் குடுப்பன்."

"றெக்சனுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

அடுத்த நாள் காலை கடற்றொழில் அலுவலக வாசலில் அவளுக்கு முன்னரே இரண்டு பேர் நின்றார்கள். இன்பாஸை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தவன் றெக்சன். மிச்சமிருந்த வெடிகளை எங்கே வைத்திருக்கிறேன் என்பதை இன்பாஸ் தானாகவே அதிகாரியிடம் சொன்னான். படகைப் பிடித்துவைத்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. இன்பாஸ் இப்போது றெக்சனின் படகில்தான் தொழிலுக்குப் போகிறான். இன்பமலரோடு மட்டும் கதைப்பதில்லை. அவளும் வலிந்து போய்க் கதைப்பதில்லை. விடியலில் இரண்டு பேருக்குமாகச் சேர்த்தே சாப்பாடு கட்டி அனுப்புகிறாள்.