இரண்டு ஸ்தோத்திரக் காணிக்கைகள்

வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு எனக்குத் தகுதி இருக்கிறதா என்று நான்கு முறை சரிபார்த்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் தாண்டிவிட்டது, புதுப்பிக்கவும் தவறவில்லை. வீட்டு வருமானம் வரம்புக்குள்தான். காலையில் தளவாய்புரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் டைப்ரைட்டிங் கற்பது முழுநேரப் படிப்பாகிவிடுமோ என்று பயந்து, அலுவலகத்துக்கே போன் செய்து கேட்டேன். ஆகாது என்றார்கள். அந்த வகுப்பைத் தொடரவே உதவித்தொகையை நம்பியிருந்தேன். பாக்கி, வருவாய் ஆய்வாளரின் கையெழுத்து மட்டும்.

ஆய்வாளர் ரிச்சர்ட் சார் எங்கள் சர்ச்சில் முன்வரிசையில் உட்காருபவர். விண்ணப்பத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு வேலை கிடைச்சதுக்கு ஒங்கம்மா ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு, ஆயர் பீடத்துல நின்னு வாசிச்சாரே. நானும் ஆமென் சொன்னேன். இப்ப வேலையில்லன்னு எப்படிம்மா கையெழுத்து போட?"

எந்த ஞாயிறு என்று கேட்டேன். நான் காய்ச்சலில் படுத்திருந்த ஞாயிறு.

வீட்டில் அம்மா ஏசம்மாள் கருவாடு கழுவிக்கொண்டே ஒப்புக்கொண்டாள். தினமும் பையோடு பஸ் ஏறும் மகள் எங்கே போகிறாள் என்று எதிர்வீட்டு ஜெயபாய் கேட்டிருக்கிறாள். ஆபீசுக்கு என்று அம்மா சொல்லிவிட்டாள். வேலை கிடைத்தும் ஆண்டவருக்குக் காணிக்கை இல்லையா என்று ஜெயபாய் மடக்கியதும், காணிக்கைக் கவரில் நன்றிக்கான காரணத்தை எழுதி, பணம் வைத்துப் போடவேண்டியதாயிற்று.

ரிச்சர்ட் சாரிடம் உண்மையைச் சொல்லிவிடச் சொன்னேன். ஞாயிறு வரை பொறு, அதைவிட நல்ல வழி இருக்கிறது என்றாள். நான் பொறுத்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆயர் வாசித்தார்: "மகள் செலினாவை வேலையிலிருந்து பத்திரமாக விடுவித்ததற்காகத் தாயார் ஏசம்மாள் படைக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை."

சபை ஆமென் சொன்னது, சற்றுத் தாமதமாக. வெளியே வந்ததும் ஜெயபாய், மேனேஜர் எப்படிப்பட்ட ஆள் என்று விசாரித்தாள். அம்மா பெருமூச்சு மட்டும் விட்டாள். இல்லாத மேனேஜரின் பெயர் அதிலேயே கெட்டது.

மறுநாள் அம்மாவும் கூட வந்தாள். ரிச்சர்ட் சார் பேனாவைத் திறந்தவர், ஒரு கட்டத்தில் நிறுத்தினார். முன்பு பார்த்த வேலை என்ற இடம். நான் நேர்மையாகக் கோடு போட்டிருந்தேன். வேலையை விட்டதாக நேற்றுத்தானே வாசித்தார்கள், அந்த ஆபீஸ் பெயரை எழுதி, விடுவித்த கடிதத்தையும் வாங்கி வா என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அப்படி ஒரு ஆபீசே கெடையாது சார்," என்றாள் மெதுவாக. "இவ இன்னும் எந்த வேலைக்கும் போகல. ஜெயபாய் வாய அடைக்கப் போட்ட காணிக்கை அது."

"அப்ப ரெண்டாவது?"

"அது ஒங்க வாய அடைக்க."

ரிச்சர்ட் சார் விண்ணப்பத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தாள்.

"ஏட்டி, கையெழுத்து கிடைச்சதுக்கு ஆண்டவருக்கு ஏதாச்சும் செய்யணும்லா," என்று பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். 'மகள் செலினாவுக்கு' என்பது வரை எழுதியிருந்தது.

நான் அதை வாங்கி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.