லார்ட்டே தாத்தாவின் முதுகு

கண்காட்சியில் அந்தப் படத்தின் கீழே ஒட்டியிருந்த அட்டையில் ‘தனிமை’ என்று எழுதியிருந்தது. கானாவின் தலைநகரான அக்ராவின் பெரிய மனிதர்கள் கையில் கோப்பையோடு அதன் முன் நின்று உச்சுக் கொட்டினார்கள். திறந்த கதவு, பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒரு கிழவரின் முதுகு, அவ்வளவுதான் படம். வரைந்த கோர்க்கோய்க்கு எந்தப் புகழும் காதில் ஏறவில்லை. கண் வாசலிலேயே இருந்தது. அந்த முதுகுக்குச் சொந்தக்காரர், அவள் குடியிருக்கும் வீட்டின் எதிர் அறை லார்ட்டே தாத்தா, வருவாரா மாட்டாரா? வீட்டுக்காரியிடம்தான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

நேரில் போய்க் கூப்பிட ஏது முகம்? குடிவந்த நாள் முதல் அவருக்கு ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை. எங்கள் ஊரில் திருடன்கூட வணக்கம் சொல்லாமல் ஒரு முற்றத்தைத் தாண்ட மாட்டான். இவளுக்கு அது தெரியாதா என்ன! ஆனால் வணக்கம் சொன்னால் அவர் திரும்புவார், சிரிப்பார், உட்காரச் சொல்வார். அப்புறம் படம் எங்கே? அதனால் பூனை மாதிரி போய்வந்தாள். படம் முடியட்டும், சோளமாவு உருண்டையான கென்கியும் பொரித்த மீனும் வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காரலாம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். அவளுக்கும் பேச்சுத்துணைக்கு ஒரு ஈ காக்கை கிடையாது, பாவம்.

தாத்தா வந்தார். விசேஷத் துணியைத் தோளில் போட்டிருந்தார்.

“இது என் முதுகுதானே?”

“ஆமா தாத்தா. நல்லா இருக்கா?”

“நல்லாத்தான் இருக்கு. சட்டைக் கிழிசலக்கூட விடல. எப்பலேருந்தும்மா பாத்துட்டு இருந்தே?”

“மழைக்கு முன்னாடிலேருந்து.”

“அப்பதான் என் பொஞ்சாதி போனா.” அவர் குரல் உயரவில்லை. “சாவுக்கு வந்த கூட்டமெல்லாம் கலைஞ்சுபோச்சு. யாராச்சும் வந்து ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்களான்னுதான் கதவத் தொறந்து போட்டேன். வாசலப் பாத்து உக்கார வெக்கமா இருந்துச்சு. அதான் திரும்பி உக்காந்தேன்.”

“தப்புதான் தாத்தா. நாளைக்கு வரட்டுமா?”

அவர் கிளம்பினார். முறைப்படி வலப்பக்கக் கோடியில் தொடங்கி, ஒவ்வொருவர் கையையும் பிடித்து விடைபெற்றுக்கொண்டே வந்தார். கோப்பை கழுவுகிறவளைக்கூட விடவில்லை. வியர்த்திருந்த உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கோர்க்கோய் வலக்கையை நீட்டினாள். அவர் அவளைத் தாண்டி, அடுத்து நின்றவரின் கையைப் பிடித்து, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தார்.